அடுப்புக் கட்டுமுன் அடுப்படியில் இருப்பவளைக் கேட்டோமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் கோபம் வந்தாலும் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஒரு வாரமாக எமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு காணொளி சுற்றுகிறது. அமெரிக்கத் தேவாலயம் ஒன்றிலிருந்து ஒரு குழுவினர் குவாத்தமாலா மலைநாட்டுக்குப் போகிறார்கள். மாயன் குடும்பங்களின் குசினிக்குள் பிளொக் கல் அடுக்கி, மேலே இரும்புத் தகடு பதித்து, கூரைக்கு வெளியே குழாய் விட்டு, புகையில்லா அடுப்புக் கட்டிக் கொடுக்கிறார்கள். கடைசியில் ஒரு தாய் அழுகிறார். எல்லோரும் கை கோர்த்து ஜெபிக்கிறார்கள். ஒரு குழுப் படம். ஒரு வாரத்தில் திரும்பிப் போகிறார்கள்.

அதற்குக் கீழே எம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சி, "அவர்களைப் பாருங்கள், உலருணவுப் பொதியைத் தவிர நாம் என்ன செய்தோம்?" என்கிறது. மற்றக் கட்சி, "எல்லாம் மதம் மாற்றும் வேலை" என்கிறது. இதற்கிடையில் எமது தம்பிமார் சிலர், நோன்புக்கு முன் நாங்களும் ஐம்பது அடுப்புக் கட்டிக் கொடுக்கப் போகிறோம் என்று வசூலைத் தொடங்கிவிட்டார்கள். எந்த ஊருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. பேனர் மட்டும் அடித்தாயிற்று.

இரண்டு கட்சியும் பிழை. தம்பிமாரின் எண்ணம் நல்லது, அவசரம் பிழை. ஏன் என்று அந்தக் குவாத்தமாலாக் குசினியிலிருந்தே சொல்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புகை சின்ன விஷயமில்லை. வீட்டுக்குள் விறகு, சாணி, மண்ணெண்ணெய் எரிப்பதால் வரும் மாசினால் 2020ஆம் ஆண்டில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அதில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். 2022இல் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய நாட்களை மறந்துவிட்டோமா? மாடி வீட்டுக்காரர்களும் முற்றத்தில் மூன்று கல் வைத்தார்கள். அன்று எமது வீட்டுப் பெண்களின் கண் எப்படிச் சிவந்திருந்தது என்று ஒருதரம் நினைத்துப் பாருங்கள். ஆண்களாகிய நாம் வரிசையில் நின்ற கஷ்டத்தை மட்டும்தான் பதிவாகப் போட்டோம்.

குவாத்தமாலா மேட்டுநிலத்தில் அது பரம்பரை வாழ்க்கை. அங்கேயும் மூன்று கல்தான். மாயன் மக்களுக்கு அந்த மூன்று கல் வெறும் கல்லும் இல்லை. உலகம் படைக்கப்பட்ட கதையிலேயே மூன்று அடுப்புக் கல் வருகிறது, வானத்தில் மூன்று நட்சத்திரங்களை அந்தக் கற்களாகப் பார்க்கிறார்கள். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் பெரிய பானையில் வைத்து நெடுநேரம் அவித்து, அரைத்து, தட்டி, தட்டையான சட்டியில் சுடுவது பெண்களின் அன்றாட வேலை. கைக்குழந்தை தாயின் முதுகில் கட்டப்பட்டிருக்கும். தாய் குடிக்கும் புகையைப் பிள்ளையும் குடிக்கிறது. மலைக் குளிரில் அந்த நெருப்புத்தான் சூடு, அதுதான் வெளிச்சம், குடும்பம் கூடியிருக்கும் இடமும் அதுதான். இத்தனை வேலை செய்யும் நெருப்பை எடுத்துவிட்டு ஒரு பெட்டியை வைக்கும்போது, மற்ற வேலைகளை எது செய்யும் என்று யாராவது கேட்க வேண்டாமா?

கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2002 முதல் 2004 வரை சான் மார்கோஸ் மாவட்டத்தில், மாம் மொழி பேசும் கிராமங்களில், 534 வீடுகளை எடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதி வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு முதலிலேயே கிடைத்தது, மற்றப் பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு. களப்பணியாளர்கள் வாராவாரம் வீடு வீடாகப் போனார்கள், பழுதான அடுப்புத் திருத்தப்பட்டது. முடிவு 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிள்ளைகள் சுவாசித்த புகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. கடும் நியூமோனியா மூன்றில் ஒரு பங்கு அளவில் குறைந்தது. ஆனால் மொத்த நியூமோனியா உறுதியாகக் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. வாராவாரம் ஆள் போய்ப் பார்த்த இடத்திலேயே பலன் இவ்வளவுதான். கட்டிவிட்டு விமானம் ஏறிய இடத்தில் என்ன நடந்திருக்கும்?

அதற்கும் விடை இருக்கிறது, வேறொரு நாட்டிலிருந்து. இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் 2,500க்கு மேற்பட்ட குடும்பங்களை நான்கு வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அங்கும் புகைபோக்கி வைத்த அடுப்பு. முதல் வருடம் புகை குறைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பலன் மறைந்துபோனது. குழாய் அடைத்தது, சுவர் வெடித்தது, திருத்த ஆளில்லை, பெண்கள் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். காணொளி எடுத்திருந்தால் எல்லாம் முதல் வாரத்தில்தான் எடுத்திருப்பார்கள்.

இன்னுமொன்று. விறகையே விட்டுவிட்டு இலவசமாகக் கேஸ் அடுப்பும் கேஸும் கொடுத்தால்? அதையும் செய்து பார்த்தார்கள். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள். இந்தியாவில் தேர்ந்த இடங்கள் எமக்கு அண்மையிலுள்ள தமிழ்நாட்டின் விழுப்புரமும் நாகப்பட்டினமும். வீட்டில் புகை நன்றாகவே குறைந்தது. ஆனால் பிறந்த பிள்ளைகளின் நிறையிலும், பிறகு வந்த கடும் நியூமோனியாவிலும் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை. புகை நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. தாயின் சாப்பாடு, குடிதண்ணீர், வைத்தியசாலைக்குள்ள தூரம் எல்லாம் பின்னிக் கிடக்கும் முடிச்சில் புகை ஒரு இழை. அந்த ஒரு இழையை இழுத்துவிட்டு முடிச்சு அவிழ்ந்தது என்று படம் பிடிப்பதுதான் பிரச்சினை.

"அவர்களைப் பாருங்கள்" என்று மெச்சும் சகோதரர்களுக்கு இப்போது வருகிறோம்.

அந்தத் தாய் ஏன் ஏழை என்று அந்தக் காணொளி ஒரு வார்த்தை சொன்னதா? குவாத்தமாலாவில் 1979ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவான பண்ணைகளின் கையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விவசாய நிலம் இருந்தது. மாயன் குடும்பங்களுக்கு மலைச்சரிவில் துண்டு நிலம். அது போதாமல், வருடத்தில் சில மாதங்கள் கோப்பி, கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போக வேண்டும். இதை மாற்ற ஒருவர் முயன்றார். ஜனாதிபதி ஹகோபோ ஆர்பென்ஸ் 1952இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து, பெரிய கம்பனிகள் பயிரிடாமல் வைத்திருந்த நிலத்தை எடுத்துக் காணியற்றவர்களுக்குக் கொடுத்தார். யுனைட்டெட் புரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பனியின் நிலமும் அதில் போனது. 1954இல் அமெரிக்க உளவுத்துறை சிஐஏ அவரைக் கவிழ்த்தது. கொடுத்த நிலம் திரும்பப் பறிக்கப்பட்டது. 1960இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996வரை நீண்டது. 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 வீதம் மாயன் மக்கள் என்று 1999இல் உண்மை ஆணைக்குழு அறிக்கை எழுதியது. காணாமல் ஆக்கப்பட்டோர் என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் யாருக்கும் அகராதி தேவையில்லை.

பிளொக் கல் சுமக்கும் அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல மாட்டோம், அதன் வியர்வை உண்மையானது. ஆனால் நிலத்தைப் பறித்த நாட்டிலிருந்து அடுப்பு வரும்போது, அடுப்பைப் பற்றி மட்டும் பேசி நிலத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது தற்செயல் இல்லை. அடுப்புக் கொடுத்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். காணியைப் பற்றிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதை ஆர்பென்ஸிடம் கேளுங்கள்.

செலவுக் கணக்கும் பாருங்கள். ஒரு ஆளின் விமானச் சீட்டுக் காசில் ஒன்றுக்கு மேற்பட்ட அடுப்புக் கட்டலாம். அந்த ஊரிலேயே கொத்தனார் இருக்கிறார், அவருக்கும் கூலி தேவை. "நேரில் போனால்தானே மனம் இளகும், பிறகும் உதவுவார்கள்" என்று ஒரு பதில் உண்டு. நியாயமான பதில்தான். அப்படியானால் அது அவர்களுடைய மனதுக்கான பயணம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாயின் குசினி அதற்கு வகுப்பறையானது, அவருக்கு ஆசிரியர் சம்பளம் யாரும் கொடுக்கவில்லை.

அடுத்தது, "மதம் மாற்றும் வேலை" என்று ஒரே வரியில் முடிக்கும் சகோதரர்கள்.

உங்கள் சந்தேகத்துக்கு வரலாறு இல்லை என்று சொல்ல மாட்டோம். 1976 பெப்ரவரி 4இல் குவாத்தமாலாவில் பெரும் பூமியதிர்ச்சி. ஏறத்தாழ 23,000 பேர் இறந்தார்கள். நிவாரணத்துக்கு வந்த குழுக்களில் ஒன்று கலிபோர்னியாவின் ஒரு சுவிசேஷ சபை. அது அங்கேயே வேரூன்றி 'வெர்போ' என்ற சபையானது. அந்தச் சபையில் சேர்ந்தவர்களில் ஒருவர் ஜெனரல் ரியோஸ் மொன்ட். 1982இல் இராணுவப் புரட்சியில் ஆட்சிக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியில் ஒழுக்கப் பிரசங்கம் செய்தார், மலையில் அவருடைய இராணுவம் கிராமங்களை எரித்தது. அவருடைய திட்டத்தின் பெயரே 'துப்பாக்கியும் அவரையும்'. பணிந்த கிராமத்துக்கு அவரை, பணியாத கிராமத்துக்குத் துப்பாக்கி. 1,771 இக்ஸில் மாயன் மக்களைக் கொன்ற இனப்படுகொலைக்காக 2013 மே மாதம் அவருக்கு 80 வருடச் சிறை விதிக்கப்பட்டது. பத்தே நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது.

ஆனால் அதே நாட்டில், அதே காலத்தில், வேறொரு கிறிஸ்தவரும் இருந்தார். ஸ்டான்லி ரோதர், அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் விவசாயி மகன், கத்தோலிக்கப் பாதிரியார். 1968இல் அதித்லான் ஏரிக்கரையிலுள்ள சாந்தியாகோ அதித்லானுக்கு வந்தார். அங்குள்ள சூட்டுஹில் மொழியைக் கற்றார். அந்த மக்களோடு வயலில் இறங்கி வேலை செய்தார். 13 வருடங்கள். கொலைப் பட்டியலில் பெயர் வந்ததும் 1981 ஜனவரியில் ஊருக்குப் போனார். ஏப்ரலில் திரும்பி வந்தார். தன் மக்களை விட்டு ஓட மாட்டேன் என்பதுதான் அவருடைய நிலைப்பாடு. ஜூலை 28ஆம் திகதி அவருடைய வீட்டுக்குள் புகுந்து சுட்டுக் கொன்றார்கள். உடலைப் பெற்றோரிடம் அனுப்பினார்கள். இதயத்தை மட்டும் அந்த மாயன் மக்கள் அனுப்பவில்லை. தங்கள் ஆலயத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

1998இல் ஆயர் ஹுவான் ஹெரார்தி, போர்க்கால அட்டூழியங்களைப் பற்றிய திருச்சபையின் அறிக்கையை வெளியிட்டு இரண்டே நாளில் அடித்துக் கொல்லப்பட்டார். இவர்களையும் ரியோஸ் மொன்ட்டையும் ஒரே கூடையில் போட்டு "கிறிஸ்தவன் வேலை" என்று எழுதுவது அநீதி. எம்மை எல்லோரும் ஒரே கூடையில் போட்டபோது எவ்வளவு வலித்தது என்பதை 2019க்குப் பிறகு இந்த நாட்டில் எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆக, வந்தவர் எந்த மார்க்கம் என்பதை விட்டுவிட்டு வேறு கேள்வி கேளுங்கள். வந்தவர் எத்தனை நாள் நின்றார்? அந்தப் பெண்ணின் மொழியில் ஒரு கேள்வி கேட்டாரா? மூன்றாம் வருடம் குழாய் அடைத்தால் யாரைக் கூப்பிடுவது? ரோதர் இந்தக் கேள்விகளில் தேறுவார். ஒரு வாரப் பயணம் தேறுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதே கேள்விகளை எமக்கு நாமே கேட்டால்?

சுனாமி வந்தபோது நாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வாங்கும் கை எப்படி இருக்கும் என்று அந்த வயதில் படித்தோம். இந்தக் கரையோர வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் வெந்தோம். பொதியைப் பிரித்தால் குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டை இருந்தது. படம் எடுக்கும்போது சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தோம். நன்றி கெட்டவர்களாய் இதை எழுதவில்லை, அவர்கள் தந்த சோற்றில்தான் உயிரோடிருந்தோம். ஆனால் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று எமது உம்மாவிடம் கேட்ட ஒரு ஆள் இன்னும் நினைவில் நிற்கிறார். மற்ற யாருடைய முகமும் நினைவில்லை.

கொடுத்தவர் எமது மார்க்கத்தவர் என்றால் எல்லாம் சரியாகிவிடுமா? அக்கரைப்பற்று நுரைச்சோலையைப் போய்ப் பாருங்கள். சவூதிப் பணத்தில் சுனாமி மக்களுக்காக 500 வீடு. யாருக்கு எந்த விகிதத்தில் என்று வழக்கு வந்து, வருடக்கணக்கில் ஒருவரும் குடிபுகாமல் பற்றைக்காடு ஏறிக் கிடந்தது. கொடுத்தவர்களின் குறை என்று சொல்ல வரவில்லை. பணமும் கல்லும் சீமெந்தும் குறைவில்லாமல் இருந்தும், முதலில் முடிக்க வேண்டிய கேள்வியைக் கடைசிக்கு விட்டால் நடப்பது இதுதான்.

அடுப்பு விஷயத்தில் எமது நாட்டிலேயே நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. அனகி அடுப்பு. பல வீடுகளில் இப்போதும் இருக்கிறது, கடையில் வாங்கியிருப்பீர்கள். 1980களில் இலங்கை மின்சார சபையும் பிரித்தானிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றும் சேர்ந்து, இரண்டு பானை வைக்கக்கூடிய களிமண் அடுப்பொன்றை உருவாக்கினார்கள். பிறகு கட்டிக் கொடுக்க வெளியிலிருந்து ஆள் வரவில்லை. இந்த நாட்டுக் குயவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குயவர் செய்தார், கடைக்காரர் விற்றார், எமது தாய்மார் காசு கொடுத்து வாங்கினார்கள். வெடித்தால் சந்தையில் இன்னொன்று. பிடிக்காவிட்டால் வாங்க மாட்டார்கள், அப்போது செய்தவர் மாற்றித்தான் ஆக வேண்டும். அதில் குழாய் இல்லை, புகை முற்றாகப் போகாது, விறகுதான் மிச்சம். அது குறையுள்ள அடுப்புத்தான். ஆனால் அதை வாங்கியவள் வாடிக்கையாளர். யாருடைய படத்துக்காகவும் அவள் அழ வேண்டியிருக்கவில்லை.

குவாத்தமாலாவிலும் இந்த வழி தொடங்கியது. 1976 பூமியதிர்ச்சிக்குப் பிறகு சோகி என்ற இடத்திலிருந்த பரிசோதனை நிலையத்தில், சேறும் மணலும் குழைத்துச் செய்யும் 'லொரேனா' அடுப்பு உருவானது. எல்லாம் கால்மாட்டில் கிடைக்கும் பொருள், கட்டும் முறையையும் யாரும் பழகலாம். பின்னாளில் அளந்து பார்த்தபோது, அந்தப் பெரிய சேற்றுக் கட்டியே சூட்டைக் குடித்துவிடுவதால் பல வேளை விறகு மிச்சமாகவில்லை என்று தெரிந்தது. அந்த வேலையில் இருந்தவர்கள் அதை மறைக்கவில்லை, அடுத்த அடுப்பை வேறு விதமாகச் செய்தார்கள்.

ஆசிரியர் கலாசாலையில் எமக்கு முதலில் சொல்லித்தந்ததும் இதுதான். பாடம் முடிந்தது என்று நீ முடிவு செய்யாதே, அடுத்த வாரம் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார் என்றார்கள். வசூலிக்கும் தம்பிமாரிடம் இதையே கேட்கிறோம்.

பேனரைச் சுருட்டி வையுங்கள். முதலில் எமது ஊர்ப் பெண்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போங்கள். ஆண்கள் வெளியே நில்லுங்கள். அடுப்படியில் இருப்பவளே பேசட்டும். அவள் அடுப்புக் கேட்பாளா, கூரைத் தகரம் கேட்பாளா, தண்ணீர்க் குழாய் கேட்பாளா, அல்லது அடகில் இருக்கும் தையல் மெஷினைக் கேட்பாளா என்று எமக்குத் தெரியாது. அடுப்புத்தான் என்றால் ஐந்து வீட்டில் தொடங்குங்கள். அந்த ஊர்க் கொத்தனாருக்கே கூலி கொடுத்துக் கட்டுவியுங்கள். சேர்ந்த காசில் பாதியைத் தனியாக வைத்து, மூன்று வருடத்துக்குக் குழாய் துடைக்கவும் திருத்தவும் ஒருவருக்குக் கொடுங்கள். ஒரு வருடம் கழித்துப் போய், அடுப்பு எரிகிறதா, அதற்குள் கோழி முட்டையிடுகிறதா என்று பாருங்கள். கோழி முட்டையிட்டால் அதை இதே குழுமத்தில் எழுதுங்கள். முதல் ஆளாக நாம் உங்களுக்கு நன்றி சொல்வோம்.

படம் எடுக்க வேண்டுமானால் அடுப்பை எடுங்கள், அந்தப் பெண்ணை வேண்டாம். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, வலக்கையில் பொதியும் இடக்கையில் போனுமாக நிற்கிறோமே, அதை என்னவென்று சொல்வது?

இந்த நிபந்தனைகளுக்கு உடன்பட்டால் எமது பங்கு இந்த மாதச் சம்பளத்திலிருந்து வரும், இன்ஷா அல்லாஹ். உடன்படாவிட்டால் காரணத்தைக் கீழே எழுதுங்கள், பேசுவோம். அதற்கு முன் ஒரு சின்ன வேலை. இன்று இரவு உங்கள் வீட்டுக் குசினிக்குள் பத்து நிமிடம் நின்று, சமைப்பவரிடம் இந்த அடுப்பில் என்ன குறை என்று கேளுங்கள். எத்தனை வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பது அப்போது தெரியும்.